ஓரம் விட்ட பக்கம்

ஒன்றுமில்லை, விரலுக்குக் கீழே வழுவழுவென்று பிளாஸ்டிக்தான், இருபது கட்டத்திலும் ஒரு புள்ளிகூட எழும்பவில்லை, ஆனால் இன்றைக்கு எனக்குத் தெரியும், இது காலியான பக்கம் இல்லை, இது ஓரம், மார்ஜின். வியாழக்கிழமை தெரியவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்ததும் இதே மேசையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வருகிற எழுத்தைப் புள்ளியாக எழுப்பிக் காட்டுகிற இதே பிரெயில் கருவியில் கை வைத்து, ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தேன், முதல் வரியில் ஒன்றும் இல்லை, அடுத்த வரியில் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை, சரி, இன்னும் ஏற்றவில்லை போல என்று மூடிவிட்டு, ஹாலில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வேதமாணிக்கத்திடம் "இன்னும் வரல அத்தான்" என்றேன். வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னேன். நேற்றும். அது வியாழக்கிழமையே வந்து இதற்குள் உட்கார்ந்திருக்கிறது, என் விரல் போகிற இடத்தில் இல்லாமல் வலப்பக்கமாக ஒதுங்கி, யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றாமல் வாசலோடு நிற்கிற மாதிரி. நானும் அது தெரியாமல் கல்லூரிக்குப் போய் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளுக்குப் பாளையக்காரர்களைப் பற்றிப் பாடம் நடத்தினேன், மீன் குழம்பு வைத்தேன், தூங்கினேன். என்ன தூக்கம் தூங்கினேன். மார்பிலிருந்து ஊசி போட்டு எடுத்த சதைக்கு என்ன பதில் என்று அச்சடித்தே வைத்துவிட்டார்கள், நான் பதில் வரவில்லை என்று நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறேன், மூதேவி.

இன்றைக்கு ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலில் இருந்து வந்து சேலை மாற்றுமுன்னே அந்தப் பையனைக் கூப்பிட்டேன், இளம்பரிதி, சென்னையில் இருக்கிறான், இந்த பிரவுசரைச் செய்கிற நாலைந்து பேரில் ஒருவன். படமும் விளம்பரமும் ஒன்றும் இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் காட்டுகிற பிரவுசர், அதனால்தான் என் கருவிக்கு ஒத்துவந்தது, எந்தப் பக்கமானாலும் எழுத்தாக உரித்துக் கொடுத்துவிடும், ஒவ்வொரு வரியும் இடது ஓரத்துச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு தொடங்கும், கை வைத்தால் எழுத்து. போன வாரம் புது வெர்ஷன் என்று ஏற்றச் சொன்னான், ஏற்றினேன். கல்லூரிப் பக்கமும் காலியாக இருக்கிறதே, ஆஸ்பத்திரிப் பக்கமும் காலியாக இருக்கிறதே, என்ன கோளாறு தம்பி என்று கேட்டால் அவனுக்கு ஒரே உற்சாகம். "காலி இல்ல மேடம், மார்ஜின் குடுத்திருக்கோம். லெஃப்ட்ல இருபது ஸ்பேஸ், ரைட்ல இருபது. டேபிள்னா இன்னும் உள்ள தள்ளும். ஸ்கிரீன்ல பாருங்க, அப்படியே புக்கு மாதிரி இருக்கும்." நான் பார்க்கிறதில்லையே தம்பி என்றேன். சிரித்தான், நான் ஏதோ ஜோக்கடித்தேன் என்று, பிறகு அவனுக்கே உறைத்து, "சாரி மேடம், ஆனா எங்க குரூப்ல ஓட்டுப் போட்டோம், எழுத்து ஓரத்துல முட்டிக்கிட்டு நின்னா கண்ணு வலிக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க" என்றான். கண் வலிக்கிறதாம். இருக்கிறவர்களுக்கு வலிக்கத்தானே செய்யும். அந்த மார்ஜினை எடுத்துவிட ஒரு வழியும் இல்லையா என்றேன். செட்டிங்ஸில் இருந்ததாம், குழப்பமாக இருக்கிறது என்று தூக்கிவிட்டார்களாம், அடுத்த வெர்ஷனில் பார்க்கலாமாம். பழையதற்கே போய்விடுகிறேன் என்றால், பழையது இனிமேல் பாதி சைட்டைத் திறக்காது மேடம், செக்யூரிட்டி. "வலது பக்கம் நகர்த்தற பட்டன் இருக்குல்ல, அதை அமுக்கிட்டே போங்க, உள்ளதான் இருக்கும்." உள்ளேதான் இருக்கும். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். அவனிடம் கோபப்பட்டு என்ன, தங்கமான பையன், சம்பளம் இல்லாமல் செய்கிறான், என்னைக் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான், யாருக்குத்தான் தோன்றியது.

பட்டனை அமுக்குகிறேன். எழும்புகிறது. ஆஸ்பத்திரியின் பெயர், பாதி. மறுபடி அமுக்க மீதி. அடுத்த வரிக்குப் போனால் மறுபடி வெற்று, மறுபடி அமுக்கு, கதவு எண், ஹைகிரவுண்ட் ரோடு. இந்த லட்சணத்தில் போனால் என்றைக்கு வரும் அந்த வரி. முதல் நாளே பட்டனை அமுக்கிப் பார்த்திருக்கலாம் அல்லவா என்று யாராவது கேட்கலாம், கண் தெரிந்தவர்கள் கேட்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மரியபுஷ்பம் டீச்சர் தாளைக் கையில் கொடுக்கும்போதே தலையில் ஒரு தட்டுத் தட்டித்தான் கொடுப்பார்கள், "ஓரம் விடாத, மூலையில இருந்து மூலைக்குக் குத்து, ஒரு தாள் என்ன விலை தெரியுமாட்டி." பிரெயில் தாள் அட்டை மாதிரி கெட்டி, விலையும் கெட்டி, ஆணியை வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தும்போது விளிம்பு கிழிந்துபோகிற அளவுக்கு ஓரத்திலிருந்தே தொடங்குவோம். பாரா தொடங்கினால் இரண்டு கட்டம் விடலாம், அது சட்டம், அதற்கு மேல் விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை என்றால் எழுதவில்லை என்று அர்த்தம், முடிந்துவிட்டது என்று அர்த்தம். எங்களில் எவளும் வெற்று வரியில் வலது கோடி வரைக்கும் தடவிக்கொண்டு போகமாட்டாள். எதற்குப் போகவேண்டும். பக்கத்து ஸ்கூல் பிள்ளைகள் நோட்டில் சிவப்புப் பென்சிலால் மார்ஜின் கோடு போடுவார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது, இடத்தை எதற்கு வீணாக்குகிறார்கள், அந்த இடத்தில் என்ன எழுதுவார்கள் என்று கேட்டேன். ஒன்றும் எழுதமாட்டார்கள், அழகுக்கு என்றார்கள். அழகு என் பக்கம் வந்தபோதெல்லாம் எனக்கு ஏதோ ஒன்று குறைந்துதான் போயிருக்கிறது. நான் வெறும் கண்ணோடு கல்யாண மேடையில் நின்றால் போட்டோவில் நன்றாக இருக்காது என்று கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள், காதெல்லாம் வலித்தது.

பெயர். மிஸஸ் வி. ஜெபக்கனி. நாற்பத்தாறு, பெண். ஹாலில் டி.வி. ஓடுகிறது, கிரிக்கெட், அவர் பார்க்கிறாரா தூங்குகிறாரா தெரியவில்லை, பக்கத்து வீட்டு மிக்ஸி நின்று நின்று ஓடுகிறது, மத்தியான வெயில் ஜன்னல் கம்பியில் பட்டு வலது கையை மட்டும் சுடுகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் படிக்கச் சொன்னால் முடிந்தது, மார்ஜினும் கிடையாது மண்ணும் கிடையாது, அது எல்லா இடைவெளியையும் விழுங்கிவிட்டு மடமடவென்று ஒப்பித்துவிடும். கல்லூரி சர்க்குலர் எல்லாம் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் இது வேண்டாம். இந்த ஒன்றையாவது ஒரு குரல் சொல்லி நான் கேட்கக்கூடாது. என் வாழ்க்கையில் நடந்த அத்தனையும் யாரோ ஒருவர் குரலாகத்தான் வந்திருக்கிறது, அப்பா செத்தது, பரீட்சையில் பாஸானது, என்னை அத்தை மகனுக்கே கொடுக்கப்போகிறார்கள் என்பது, எல்லாம், அவர்கள் அவர்கள் இஷ்டத்துக்குக் குரலைத் தாழ்த்தி ஏற்றி, வேண்டியதைச் சொல்லி, வேண்டாததைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு. பிள்ளை வேண்டாம் என்று அத்தையும் அவரும் டாக்டரும் பேசி முடித்ததை எனக்குச் சொன்னபோது அது முடிவாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. இது என் உடம்பு. இதில் கட்டி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது என் விரல், குளிக்கும்போது, சோப்பு நுரைக்குள், யாரும் சொல்லித் தரவில்லை. பட்டாணி அளவு. உருட்டினால் உருளவில்லை. அது நல்லதா கெட்டதா என்பதையும் அதே விரல்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், வேறு எதையும் நான் கேட்கவில்லை, நல்ல பதில் வேண்டும் என்றுகூட ஜெபிக்கவில்லை. பொய். ஜெபித்தேன். இன்று காலைகூட ஜெபித்தேன், பாஸ்டர் நீளமாகப் பேசிக்கொண்டே போனபோது, ஆண்டவரே வெறும் கொழுப்பாக இருக்கட்டும் என்று.

டாக்டரிடம் போனபோது மூன்று பேர் இருந்தோம், அவர், நான், டாக்டர், பேச்சு மட்டும் இரண்டு பேருக்கு. "அவங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் இவரிடம் கேட்கிறார். இவருக்கு என்ன தெரியும், நான் சொன்னேன், இரண்டு மாதம் என்று. டாக்டர் இவரிடமே, "வலி இருக்கான்னு கேளுங்க." அந்த அறையில் நான் கட்டியைக் கொண்டுவந்த பைதான். ரிப்போர்ட் லிங்க் எந்த நம்பருக்கு அனுப்ப என்று கவுன்ட்டரில் கேட்டதும் இவர் தன் நம்பரை ஆரம்பித்துவிட்டார், ஒன்பது நான்கு என்று, நான் குறுக்கே விழுந்து என் நம்பரைச் சத்தமாகச் சொன்னேன். ஆட்டோவில் வரும்போது, முருகன்குறிச்சி தாண்டியதும்தான், "நான் வாசிச்சுச் சொல்ல மாட்டனா? இத்தன வருஷமா யாரு வாசிச்சுச் சொன்னா?" என்றார். யார் வாசித்துச் சொன்னார்கள். நன்றாகச் சொன்னார். மதுரையில் ஒரு ஆய்வுப் பத்திரிகைக்கு நான் அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்ட ஆள் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார், அந்தக் காலத்தில் பிரவுசரும் இல்லை கருவியும் இல்லை, இவர்தான் பிரித்து வாசித்தார், தாள் திருப்புகிற சத்தம் இரண்டு தரம் கேட்டது, வாய் திறந்தது ஒரே தரம், "நல்லாருக்குன்னு எழுதிருக்காரு, கொஞ்சம் திருத்தணுமாம்." நான் பூரித்துப்போய் பிறகு ஒரு கருத்தரங்கில் அதே ஆளிடம் போய் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சார் என்றேன். அவர் திகைத்து, "நான் இவ்வளவு கடுமையா எழுதினதை இப்படி எடுத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால், "நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான் ஏளா" என்கிறார். அன்பாம். என் மனசு எந்த அளவு கஷ்டப்படலாம் என்று அளந்து கொடுக்கிற அன்பு. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம், ஒரேயடியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம். இந்தக் கருவி வந்த அன்று நான் பேப்பரை நானே படித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு செய்தியைச் சொன்னேன், அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், அது தெரிந்தது, தட்டில் கை உரசுகிற சத்தம் நின்றுபோனது. பிறகு, "இனிமே நாங்க எதுக்கு" என்று சிரித்தார்.

நுண்ணோக்கியில் பார்த்தது என்று ஒரு தலைப்பு, அதன் கீழே வரி வரியாக ஆங்கிலம், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த வெற்று வழுவழுப்பு. எனக்குத் தெரியாத வார்த்தைகள், செல், நியூக்ளியஸ் இதெல்லாம் தெரிகிறது, மற்றது புரியவில்லை, புரியாத வரையில் நல்லது. கை வியர்க்கிறது. வியர்த்தால் புள்ளி சரியாகத் தெரியாது, சேலையில் துடைத்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, இப்போது எனக்குள்ளே சொல்லிப் பார்க்கிறேன், பயமாக இருக்கிறது. செத்துப்போவதற்கு இல்லை, அது பிறகு. படுக்கையில் போட்டுவிட்டு எல்லாரும் வாசல் பக்கம் போய்ப் பேசுவார்களே, அதற்கு. என் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் பேச்சு தேய்ந்து தேய்ந்து வெறும் முணுமுணுப்பாகிவிடும், என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது, அவளுக்குக் கண் இருந்தது, இருந்தும் என்ன, உதட்டை மறைத்துக்கொண்டார்கள். அடுத்த வரி. இம்ப்ரெஷன். அதுதான், பிள்ளைகள் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள், லேபில் வேலை செய்கிற பழைய மாணவி ஒருத்தி சொன்னாள், மற்றதெல்லாம் விடுங்க மேடம், கடைசியில் இம்ப்ரெஷன்னு இருக்கும், அதுதான் முடிவு, அதைப் பாருங்க. சொல் இருபதாவது கட்டத்தோடு முடிகிறது. அதற்குக் கீழ் வரிக்குப் போனால், வெற்று. முழு வெற்று. இன்னும் உள்ளே தள்ளியிருப்பான், பெட்டிக்குள் பெட்டி, இளம்பரிதி, புத்தகம் மாதிரி. இந்த வழுவழுப்பிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன. வியாழன் வெள்ளி சனி மாதிரி இன்னும் ஒரு நாள். இங்கே எனக்கு ஒரு வியாதியும் இல்லை, இந்த ஓரத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பட்டனை அமுக்கினால்தான் கட்டி, அமுக்காவிட்டால் சோறு வடிக்கலாம், நாளைக்கு ஒன்பது மணி வகுப்புக்குப் போகலாம். கண் வலிக்கிறவர்களுக்காக விட்ட இடத்தில் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். என்ன கேவலம். யாரும் என்னிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று ஊரெல்லாம் சண்டை போட்டுவிட்டு, இப்போது நானே எனக்கு மறைத்துக்கொண்டு. அமுக்கு ஜெபக்கனி.

அமுக்கினேன். இன்வேசிவ். நின்று, மறுபடி தடவினேன். அடுத்தது நீளமான வார்த்தை, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, முடிவு வரைக்கும். கார்சினோமா. புற்று. விரலை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தடவினேன், புள்ளிகள் அப்படியே இருந்தன, அது என்ன மாறவா போகிறது. மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஒரு மாதிரி கோபம்தான் வந்தது, எதன் மேல் என்று தெரியவில்லை, பிறகு தெரிந்தது, வியாழக்கிழமை மீன் குழம்புக்குப் புளி போதவில்லை என்று அவ்வளவு வருத்தப்பட்டேனே, அதன் மேல். எனக்குத் தெரியும் இப்போது. இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். இத்தனை வயதில் முதன்முதலாக ஒரு விஷயம் என்னிடம் நேராக வந்திருக்கிறது, வந்தது இதுவா.

டி.வி. நின்றது. செருப்புச் சத்தம் ஹாலைக் கடந்து என் அறை வாசலில் நின்றது, ஷேவ் பண்ணிய பவுடர் வாசனை. "ஏளா, வந்துட்டா?" வந்துட்டு என்றேன். உடனே பக்கத்தில் வந்து லேப்டாப் மூடியைத் திறக்கப் பார்த்தார், அது எப்போதும் மூடியே கிடக்கும், எனக்கு எதற்கு வெளிச்சம். மூடியின் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். "நான் வாசிக்கேன் அத்தான். நீங்க உக்காருங்க." கட்டில் கிறீச்சிட்டது. மேலே போனேன், முதல் வரிக்கு. பட்டனை அமுக்கி ஆஸ்பத்திரி பெயரை வாசித்தேன், அமுக்கி மீதியை வாசித்தேன், கதவு எண்ணை, ரோட்டை, போன் நம்பரை. "அதெல்லாம் எதுக்குளா, கடைசில என்ன போட்ருக்கான் அதச் சொல்லு." வரிசையாத்தான் வரும் என்றேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த வெற்றைத் தாண்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் அவர் மூச்சு விடாமல் இருந்தார், அந்த நேரத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது, நான் சொன்னால்தான் உண்டு. மிஸஸ் வி. ஜெபக்கனி. நாற்பத்தாறு. செல்லையும் நியூக்ளியஸையும் புரியாத வார்த்தைகளையும் ஒன்றுவிடாமல், குரலைத் தாழ்த்தாமல், வகுப்பில் வாசிக்கிற மாதிரி வாசித்தேன். "ஜெபா, அது நல்லதுதானா, அதை மட்டும் சொல்லேன்." இம்ப்ரெஷன் என்றேன், அமுக்கினேன், அந்த இரண்டு வார்த்தையையும் வாசித்தேன், குரல் உடையவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நாற்காலியை நகர்த்தும்போது வருகிற மாதிரி. "போதும்" என்றார். "போதும்ளா, நிப்பாட்டு." அழுகிறார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை, அவருடைய அம்மா இறந்தபோதுகூட வெளியே போய்விட்டார். எனக்குள் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் கிளம்பி அப்படியே கசந்துபோனது, எழுந்து போய் அந்தத் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. "இன்னும் ரெண்டு வரி இருக்கு அத்தான், இருங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினேன்.